இருநூற்று முப்பத்து மூன்று கிறெயின்

ஐம்பத்திரண்டு வயதில், ஒரு பட்டமும் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகங்களும் எல்லை மீறிய கொலஸ்ட்ரோலும் உள்ள ஒரு மனிதன், இன்னொரு மனிதனின் கரம் ஸ்ரைக்கரை நிறுப்பதற்காக, துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து நிறுக்கிற எலெக்ரோனிக் தராசு ஒன்றை வாங்கினான். அந்த மனிதன் நான்தான். யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல் எழுதினால் வெட்கம் கொஞ்சம் குறையுமா என்று பார்த்தேன். குறையவில்லை.

பிரெஞ்சு பேசுகிற எங்கள் நகரத்தின் வில்லரேப் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு மாசி மாதமும் எங்கள் சங்கம் கரம் சுற்றுப்போட்டி நடத்தும். வெளியே பனி முழங்கால்வரை கிடக்கும். உள்ளே நாற்பது ஐம்பது நடுத்தர வயதுத் தமிழர்கள் போறிக் பவுடர் மணக்க மணக்கப் பலகையைச் சுற்றிக் குனிந்திருப்பார்கள். போன வருடத்துக்கு முதல் வருட இறுதியாட்டத்தில் நான் இருந்தேன். எனக்கு எதிரே இருந்தவர் இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர், என்னைவிட நாலு வயது இளையவர். தடித்த உடம்பு. ஆனால் விரல்கள் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கி வந்தவைபோல மெல்லியவை. அவர் என்னை இருபத்தைந்துக்கு ஆறு என்று முடித்தார்.

தோல்வியை நான் தாங்கியிருப்பேன். தோற்றுத் தோற்று அதில் எனக்கு ஓரளவு பயிற்சி உண்டு. தோற்றபிறகு வழமைபோல நான் பலகை கொஞ்சம் சரிவு, வெளிச்சம் இடப்பக்கத்தால் வருகிறது, பவுடர் கூடிவிட்டது என்று காரணங்களை விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் வெற்றிக் கிண்ணத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அண்ணை, கரம் விரலாலை விளையாடுறது. நீங்கள் வாயாலை விளையாடுறியள்."

மண்டபம் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பார்க்கவில்லை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அது அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதை இல்லை. நான் வேலைக்குப் போகிற காலை பஸ்ஸை ஓட்டுகிறவரும் அவர்தான். மறுநாள் கதவு திறந்தது. அட்டையைக் காட்டினேன். "அண்ணை, வாய் சுகமோ?" என்றார். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த வாரமும். பின்னால் நின்ற பிரெஞ்சுக் கிழவி எனக்குப் பல்வலி என்று நினைத்து, தன் பல் வைத்தியரைப் பற்றி மெற்றோ வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். சித்திரைக்குப் பிறகு நான் பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டேன். மெற்றோவுக்கு நடந்தேன். பதினெட்டு நிமிடம். வெயிலில் நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லலாம். மார்கழியில், மைனஸ் இருபதில், மூக்குமயிர் கம்பியாக விறைத்து நிற்க நடப்பதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது. பஸ் என்னைக் கடந்து போகும்போது ஹோனை மெதுவாக இரண்டு தரம் அமத்துவார். மரியாதையாகத்தான் அமத்துவார். அந்த மரியாதையை நான் மன்னிக்கவேயில்லை.

அந்த நடையில்தான் யோசித்தேன். வேறு எதற்கும் நான் அவ்வளவு ஒழுங்காக யோசித்தது கிடையாது. அந்த இறுதியாட்டத்தின் ஒவ்வொரு அடியையும் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டினேன். தை மாதம் ஒருநாள், ஒரு வெளிச்சச் சந்தியில் நின்றபோது, எனக்கு ஒன்று உறைத்தது. அவருடைய ஸ்ரைக்கர் காயில் படுகிற சத்தம். மற்றவர்களுடையது 'டிக்' என்றால் அவருடையது 'டொக்'. ஸ்ரைக்கர் பதினைந்து கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். எங்கள் சங்கத்தில் அதை யாரும் என்றைக்கும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஆளுக்கொரு ஸ்ரைக்கரைச் சட்டைப்பையில் கொண்டுவருவார்கள், கொண்டுபோவார்கள். பனிக்குள் நின்றபடி நான் சிரித்தேன். பச்சை விழுந்து, திரும்பச் சிவப்பு விழுந்து, பின்னால் ஒருவர் "பொன்ஷூர்?" என்று சந்தேகத்தோடு கேட்கும்வரை சிரித்தேன்.

நிறுக்கவேண்டும். எல்லோர் முன்னிலையிலும் நிறுக்கவேண்டும். கிண்ணத்தை அவர் கையில் எடுக்கிற நேரம் பார்த்து நிறுக்கவேண்டும்.

வீட்டுச் சமையல் தராசுக்கு ஒரு கிராமுக்குக் கீழே எதுவும் தெரியாது. நகைக்கடையில் நல்ல தராசு இருக்கிறது, ஆனால் நகைக்கடைக்காரர் பஸ்காரருக்கு மச்சான் முறை. நான் கடைக்குள் கால் வைத்து வெளியே வருமுன் செய்தி போய்விடும். ஆகவே பழைய சாமான் விற்கிற விளம்பரங்களைத் துழாவினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் ஒருவர் ஒரு தராசு விற்கிறார் என்றிருந்தது. சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக்கோதை எடுத்து, புது மருந்தும் புதுக் குண்டும் வைத்துத் திரும்பப் பயன்படுத்துகிற இலக்குச் சூட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மருந்து நிறுக்கப் பாவிப்பது. ஒரு கிராமைப் பதினைந்தரைப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை ஒரு கிறெயின் என்று சொல்லி, அதையும் பத்தாகப் பிரித்துக் காட்டும்.

என்னுடைய தர்க்கம் இப்படி இருந்தது: வெடிமருந்து நிறுக்கிற தராசு பொய் சொன்னால் துப்பாக்கி வெடித்து ஆள் செத்துப்போவார். ஆகவே அது பொய் சொல்லாது. இந்தத் தர்க்கத்தில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரமும் ஒரு மனிதனின் மானமும் செலவாயின.

மெற்றோவின் மஞ்சள் பாதையில் ஆற்றுக்கு அடியால் போய் இறங்கி, தாழ்ந்த கூரை வீடுகள் வரிசையாக நின்ற தெருவில் அவரைக் கண்டுபிடித்தேன். ஓய்வுபெற்றவர். காதில் பென்சில். நிலவறையில் ஒரு வேலை மேசை. அதில் பித்தளைக் கோதுகள் பள்ளிப் பிள்ளைகள்போல உயரப்படி நின்றன. என் பிரெஞ்சின் தரத்தை முதல் வசனத்திலேயே அறிந்துகொண்டு, அவர் எனக்காக மிக மெதுவாகப் பேசினார். ஒரு சொல்லும் எனக்கு விளங்காமல் போகவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். எல்லாம் விளங்கியது.

"இதை நான் ஏன் விற்கிறேன் என்று கேட்கமாட்டீரா?" என்றார்.

"ஏன்?"

"காலையில் ஒன்று சொல்கிறது. கோப்பி குடித்துவிட்டு வந்தால் வேறொன்று சொல்கிறது."

பிறகு விரல் விட்டு எண்ணினார். அறைச் சூட்டிலேயே வைத்திருக்கவேண்டும். நிறுக்கத் தொடங்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் போட்டுவிடவேண்டும். காற்றுப் படக்கூடாது. ஹீற்றருக்குக் கிட்ட வைக்கக்கூடாது. கைபேசியைத் தள்ளி வைக்கவேண்டும். பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் உடனே நிறுக்கவேண்டும், விட்டுவைத்தால் பூச்சியம் தானாக நடக்கும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் இந்த இருபது கிராம் படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கவேண்டும். சொல்லிவிட்டு, விரல் நுனியளவு பித்தளைக் கல்லொன்றை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துத் தந்தார். மேசையின் ஓரத்தில் மின்சாரமே இல்லாத பழைய கோல்தராசு ஒன்று இருந்தது. ஒரு நீட்டுக்கோல், அதன் ஒரு முனையில் தட்டு, மறுமுனையில் நகர்த்துகிற நிறை.

"நான் நம்புவது இதை," என்றார். "இது மெதுவாக வேலை செய்யும். ஆனால் இதற்கு மனநிலை கிடையாது."

நான் தலையாட்டினேன். என் மனதில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது பஸ்காரரின் முகம் சுருங்குகிற காட்சி. அதற்கு மூன்று விதமான முடிவுகள் வைத்திருந்தேன், எது சிறந்தது என்று தேர்ந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் வைத்து, படிக்கல்லைப் போட்டுப் பார்த்தேன். அச்சொட்டாகக் காட்டியது. என் ஸ்ரைக்கர் சட்டத்துக்கு உட்பட்டது என்றும் உறுதிசெய்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உதிலை ஏலக்காய் நிறுக்கலாமோ?"

"இது துல்லியமான கருவி."

"அப்ப ஏலக்காய்க்குத் துல்லியம் தேவையில்லையோ?"

நான் பேச்சு எழுதிக்கொண்டிருந்தேன். நிறுப்பதற்கு முன் ஒரு பேச்சு இருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பழிவாங்குவது பற்றி உலகத்தில் எழுதப்பட்டதில் கணிசமான பங்கைப் படித்திருக்கிறேன். அவற்றில் எல்லாம் வெட்டுவதற்கு முன் ஒரு பேச்சு இருக்கும். ஒன்றிலாவது, கருவியை முதலில் சூடாக்கிக்கொள் என்று எழுதியிருக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். பதினைந்து கிராம் என்பது இருநூற்று முப்பத்தொன்றரைக் கிறெயின். தராசில் கிராமும் காட்டலாம், கிறெயினும் காட்டலாம். கிறெயினிலேயே விட்டேன். பதினைந்து புள்ளி ஒன்று என்றால் யாருக்கும் குற்றமாகத் தெரியாது. இருநூற்றுச் சொச்சம் என்றால் கேட்கிறவன் நிமிர்ந்து உட்காருவான்.

போட்டிக்கு முதல் நாள் மாலையே, மறந்துவிடாமல் இருக்க, தராசைக் கார் டிக்கியில் வைத்தேன். அன்றிரவு மைனஸ் இருபத்திரண்டு என்று வானொலியில் சொன்னார்கள். எனக்கு அது காரின் பற்றரி தாங்குமா என்ற கவலையை மட்டும் தந்தது.

அந்த வருடம் நான் காலிறுதியில் தோற்றேன். விவரம் தேவையில்லை. உண்மையில் அது எனக்கு வசதியாகவே போய்விட்டது. பேச்சை இன்னொரு தரம் பாடமாக்க நேரம் கிடைத்தது. இறுதியாட்டம் பஸ்காரருக்கும் சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு மென்பொருள் எஞ்சினியருக்கும். எஞ்சினியர் நன்றாகத்தான் விளையாடினார். ஆனால் டொக், டொக் என்று காய்கள் பொந்துக்குள் இறங்கின. ஒவ்வொரு டொக்குக்கும் எனக்குள் ஒரு இனிப்புப் பரவியது. வெல்லட்டும், வெல்லட்டும் என்று நான் அவருக்காக அவருடைய மனைவியைவிடக் கூட வேண்டிக்கொண்டேன்.

வென்றார். தலைவர் கிண்ணத்தைத் தூக்கினார். தலைவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர், சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான். நான் எழும்பி, "ஒரு நிமிசம்," என்றேன்.

காருக்கு ஓடிப்போய்த் தராசை எடுத்து வந்தேன். கை ஒட்டிக்கொள்கிற குளிர் அதில். புள்ளி எழுதுகிற மேசையில் வைத்து, வயரை மின்சாரத்தில் செருகி, பூச்சியத்தை அமத்தினேன். 0.0 என்று காட்டியது. முன்வரிசைக்கு அதைத் திருப்பிக் காட்டினேன். ஹீற்றர் மேசைக்குப் பின்னால், முழங்கை தூரத்தில் இருந்தது. பிறகு மனைவியின் சிவப்பு பிளவுஸ் துணியால் தராசை மூடினேன். திறக்கிற தருணம் என்று ஒன்று இருந்தால்தானே அழகு. படிக்கல் என் கோட்டுப் பொக்கெற்றில் இருந்தது. அதை வீட்டில் ஒருதரம் வைத்துப் பார்த்தாயிற்று. தடுப்பூசிபோல, ஒருதரம் போட்டால் போதும் என்று எண்ணியிருந்தேன்.

பேசினேன். விளையாட்டின் நேர்மை பற்றி, சமத்துவம் பற்றி, விரல் பற்றி, வாய் பற்றி. வாய் என்பது மனிதனுக்கு எதற்காகத் தரப்பட்டது என்ற பகுதியை இரண்டு தரம் சொன்னேன், முதல் தரம் பின்வரிசையில் ஒரு குழந்தை அழுததால். தலைவரும் மற்ற நாலு நிர்வாகிகளும் அடிக்கடி மண்டபத்தின் மறுமூலையைப் பார்த்தார்கள். நீதியின் கனம் அவர்களை அழுத்துகிறது என்று விளங்கிக்கொண்டேன். அந்த மூலையில் அலுமினியத் தட்டங்கள் இருந்தன என்பதைக் கண்டேன், ஆனால் கவனிக்கவில்லை. இருபது நிமிடம் பேசியிருப்பேன்.

"அந்த ஸ்ரைக்கரைத் தாரும்," என்றேன்.

பஸ்காரர் எடுத்துத் தந்தார். துணியை உருவிய அதே கையசைவில் ஸ்ரைக்கரைத் தட்டில் வைத்தேன். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த அசைவு அது. பத்துப் பன்னிரண்டு கைபேசிகள் தராசுக்கு மேலே படம் எடுக்கக் கவிழ்ந்தன.

233.1.

"இருநூற்று முப்பத்து மூன்று புள்ளி ஒன்று," என்று வாசித்தேன். "சட்டம் இருநூற்று முப்பத்தொன்றரை."

"அண்ணை, அது பதினைஞ்சுக்குக் கீழை எண்டு சொல்லித்தான் எனக்கு வித்தவங்கள்," என்றார் பஸ்காரர். குரல் மெல்லியதாக இருந்தது. "உதைத் திருப்பி ஒருக்கால் வைச்சுப் பாருங்கோவன்."

"தராசுக்கு அண்ணை தம்பி தெரியாது," என்றேன். மூன்று முடிவுகளில் நான் தேர்ந்தெடுத்தது இதுதான்.

தலைவர் நிர்வாகிகளைப் பார்த்தார். "என்ன செய்வம்? ஆளை ஒரு வருசம் நிப்பாட்டுவமோ?" ஐந்து கைகளும் ஒன்றாக எழுந்தன. கிண்ணம் எஞ்சினியருக்குப் போனது. அவர் அதை இரண்டு கையாலும் தள்ளினார்.

"சார், நான் தோத்துட்டேன் சார். எனக்கு எதுக்கு சார் கப்பு?"

"பிடியும் தம்பி, பிடியும்," என்று தலைவர் அதை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினார். ஸ்ரைக்கரைச் சான்றுப்பொருளாக என்னிடமே ஒப்படைத்தார்கள். அன்றைய கொத்துரொட்டியைப்போல ருசியான ஒன்றை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. பஸ்காரர் சாப்பிடாமல் போனார். அவருடைய மனைவி பாதணி மாற்றுகிற இடத்தில் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி பூட்ஸைப் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன். இரண்டாம் தரமும் கொத்து எடுத்தேன்.

அதன்பிறகு ஒன்பது நாள் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். கணக்காக ஒன்பது. பஸ்ஸில் ஏறினேன். வேண்டுமென்றே முன் இருக்கையில் இருந்தேன். அவர், எல்லோருக்கும் சொல்கிற அதே குரலில் எனக்கும் "பொன்ஷூர்" என்றார். வாய் சுகமோ என்று கேட்கவில்லை. அவர் கேட்காத ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு சிறு தித்திப்பு. சங்கத்துக்காரர் யாராவது பஸ்ஸுக்குள் வந்தால் அவர் முன்பக்கக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குவார். அதையும் பார்த்தேன். நல்லாய்த் துடையும் என்று மனதுக்குள் சொன்னேன்.

ஒன்பதாம் நாள், நான் இறங்கும்போது, அவர் ஸ்ரியறிங்கைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்ணை, அந்த ஸ்ரைக்கரைத் தருவியளோ? விளையாட இல்லை. பத்தொன்பது வருசம் இந்தக் கோட்டுப் பொக்கெற்றுக்கை கிடந்தது. இப்ப கோட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிக்குது."

கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். பெருந்தன்மை எனக்கு அப்போது மலிவாக இருந்தது. கொடுப்பதற்கு முன், ஸ்ரைக்கரைத் தராசில் வைத்து இலக்கம் தெரிய ஒரு படம் எடுத்து, சங்கத்தின் கைபேசிக் குழுவில் போட்டு, அதன் கீழே 'மன்னித்தோம்' என்று எழுதலாம் என்று திட்டம். தராசு குசினியில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஏலக்காய் நிறுத்துப் போத்தலில் போட்டுக்கொண்டிருந்தாள். தட்டைத் துடைத்துவிட்டு ஸ்ரைக்கரை வைத்தேன்.

230.6.

எடுத்துவிட்டு வைத்தேன். 230.6. திருப்பி வைத்தேன். படிக்கல்லை வைத்தேன், அச்சொட்டு. ஸ்ரைக்கரைச் சட்டையில் தேய்த்து, ஊதி, வைத்தேன். பதினொரு தரம். ஒரு தரமாவது இருநூற்று முப்பத்தொன்றரையைத் தாண்டச் சொல்லி அதை நான் கெஞ்சினேன் என்றே சொல்லவேண்டும்.

"என்னப்பா, உது இளைச்சுப்போச்சோ?" என்றாள் மனைவி.

முதலில், யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு இரவுச் சாப்பாடுவரை நின்றது. பிறகு, இது தராசுக்காரரின் மோசடி என்று முடிவெடுத்தேன். வெடிமருந்து நிறுக்கிற தராசு என்று சொல்லி ஒரு அகதியை ஏமாற்றிவிட்டார். நான் அகதியாக இருந்து முப்பது வருடமாகிறது, ஆனால் தேவைப்படுகிற நேரம் அதை எடுத்துப் போட்டுக்கொள்வேன். குற்றவாளி மாறினார், என் கோபம் ஒரு சொட்டும் குறையாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது. சனிக்கிழமை லொங்குய்யில் அவர் வீட்டு மணியை நாலு தரம் அமத்தினேன்.

அவர் என் கோபத்தைக் கடைசிவரை கேட்டார். பிறகு கேட்டது ஒரே கேள்வி.

"பூச்சியம் வைத்ததற்கும் நிறுத்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிடம்."

"அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்?"

"பேசிக்கொண்டிருந்தேன்."

"தராசு அதற்கு முன் எங்கே இருந்தது?"

"காரில்."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். தராசை வாங்கி, பின்கதவைத் திறந்து, வெளியே படிக்கட்டுப் பனியில் வைத்தார். நாங்கள் முக்கால் மணித்தியாலம் அவருடைய கோதுகளைப் பற்றிக் கதைத்தோம்; கதைத்தது அவர். பிறகு தராசை உள்ளே கொண்டுவந்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து, பூச்சியத்தை அமத்தினார். 0.0. ஒரு குசினித் துவாயால் மூடினார். கோப்பி போட்டார். குடித்தோம். இருபது நிமிடம் முடிய, "உம்முடைய பேச்சு முடிந்தது," என்று துவாயை எடுத்தார்.

தட்டில் ஒன்றுமே இல்லை. தராசு 2.3 என்று காட்டியது.

அதாவது, குளிரில் இருந்து வந்த தராசு சூடேறச் சூடேற, அதன் பூச்சியம் துணிக்குக் கீழே மெதுமெதுவாக மேலே நடந்திருக்கிறது. துணி போட்டிருந்ததால் நான் காணவில்லை. நான் பேசப் பேச அந்த ஸ்ரைக்கர் கனத்துக்கொண்டு போயிருக்கிறது. வாய் என்பது எதற்காகத் தரப்பட்டது என்ற பகுதியை ஒருதரத்தோடு விட்டிருந்தால், ஒருவேளை அவர் சட்டத்துக்குள் நின்றிருப்பார்.

"உங்கள் விளையாட்டில் நிறை பிழைத்தால் என்ன நடக்கும்?" என்று கேட்டார். "எங்களுடையதில் துப்பாக்கி முகத்தில் வெடிக்கும்."

"ஒரு ஆளை ஒரு வருடம் தள்ளிவைப்பார்கள்."

"வெடிப்பதில்லை?"

"இல்லை."

"அப்படியென்றால் ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கலாமே," என்றார். அவருக்கு அது சாதாரணக் கேள்வியாகத்தான் பட்டிருக்கிறது. நான் அவரிடம் அந்தக் கோல்தராசை ஒரு கிழமைக்கு இரவல் கேட்டேன். அதை அவர் ஒரு பச்சைக்குழந்தையைப் போல இரண்டு துவாயில் சுற்றித் தந்தார். "காரில் விடவேண்டாம்," என்று சொல்லித் தந்தார். மெற்றோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

உண்மையைச் சொன்னால், சொல்லாமல் விடுவதற்கு அதன்பிறகும் மூன்று நாள் முயன்றேன். ஒரு வருடம் என்ன பெரிய காலம். அவர் என்னை ஒரு வருடம் நடக்கவைத்தவர்தானே, சரிக்குச் சரி என்று ஒரு கணக்கும் போட்டேன். ஆனால் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அந்தக் கோட்டு கண்ணில் பட்டது. உண்மையாகவே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நின்றது.

நிர்வாகக் கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு, அதே நிலவறையில். பஸ்காரரையும் எஞ்சினியரையும் வரச்சொல்லியிருந்தேன். கோல்தராசை நடுமேசையில் வைத்தேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக மூன்று நிமிடத்தில் பேசி முடித்தேன். காரில் கிடந்தது, சூடேறியது, துணி போட்டது, நான் பேசியது, பிழை என்னுடையது. பிறகு ஸ்ரைக்கரைத் தட்டில் வைத்தேன். கோல் இரண்டு தரம் ஆடி, சட்டத்தின் கோட்டுக்குக் கீழே நின்றது. படிக்கல்லையும் வைத்துக் காட்டினேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு தரம் காட்டினேன்.

தடை நீங்கியது. எஞ்சினியர் கடைப்பை ஒன்றுக்குள்ளிருந்து கிண்ணத்தை எடுத்து, சுடுசட்டியைக் கைமாற்றுகிறவரைப்போல அவசரமாகப் பஸ்காரரிடம் கொடுத்தார். "அப்பாடா," என்றார்.

பஸ்காரர் ஸ்ரைக்கரை எடுத்துப் பொக்கெற்றில் போட்டு, கோட்டைத் தட்டிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் இரண்டு பதில்கள் வைத்திருந்தேன்.

"அண்ணை, நாளைக்கு ஏழரை பஸ்ஸிலை வாங்கோ," என்றார். "போன வருசம் முழுக்க நடந்தியள். முழங்கால் கவனம்."

அவ்வளவுதான். இரண்டு பதிலும் வீணாகிவிட்டன. அந்தக் கணத்தில் அவரை நான் முன்னெப்போதையும்விடக் கூட வெறுத்தேன்.

எல்லோரும் போனபிறகு தலைவர் விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார். படியேறும்போது அவருக்குப் பக்கத்தில் நடந்தேன். ஒரு மனிதன் தன் பிழையைச் சபையில் ஒப்புக்கொள்வது சின்ன விஷயம் இல்லை, அதை யாராவது ஒருவர் சொல்லவேண்டும் என்று எனக்கு இருந்தது.

"அண்ணை, அண்டைக்கு நான் காட்டின அந்த நம்பர் உங்கள் அஞ்சு பேரையும் பிழையான தீர்ப்புச் சொல்லவைச்சுப்போட்டுது," என்றேன். "அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கு."

"எந்த நம்பர்?"

"இருநூற்று முப்பத்து மூண்டு."

"அண்டைக்கு என்ரை மூக்குக்கண்ணாடி காருக்கை கிடந்தது காணும்," என்றார் தலைவர், கடைசி விளக்கையும் அணைத்தபடி. "கொத்து ஆறிக்கொண்டு போகுது, நீர் நிப்பாட்டுறமாதிரியும் தெரியேல்லை. அதுதான் கையைத் தூக்கினனாங்கள்."